கிண்ணத்துக்கு ஆகாத உளி

எப்போதாவது ஒரு விடுமுறை நாளில் மரம் கடைந்து பார்க்கிறவருக்கு நான்கு உளிகள் போதும். பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, பித்தளைப் பூண் பளபளக்க விற்கிறார்களே, அந்த செட்டை மட்டும் வாங்கவே கூடாது. அதில் பாதியை அவர் தொடவே மாட்டார். மீதிப் பாதி நாலு தரம் தீட்டுவதற்குள் தேய்ந்து போகும். அந்தக் காசுக்கு நல்ல எஃகில் நாலே நாலு உளி, அவற்றைத் தீட்ட ஒரு சாணை, முகத்துக்கு ஒரு கவசம். இதைக் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். என் தங்கையின் கணவரிடமும் இதையேதான் சொல்ல ஆரம்பித்தேன்.

நீங்கள் முதலில் கேட்டது, அவருக்கு மட்டமான உளியைத் தலையில் கட்டினேனா என்பது. பக்கத்துக் கடைக்காரர்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அதைப் பொறுக்க முடியாமல்தான் இவ்வளவும் சொல்கிறேன். வழக்கை விபத்து என்றே முடித்துவிடலாம் போலிருக்கிறது என்றீர்கள். நல்ல மனது உங்களுக்கு. ஆனால் விபத்து என்றால் பழி உளியின் மேல் விழும். எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் மட்ட இரும்பு விற்றதில்லை. அது நல்ல உளி.

அவர் மேல் பகை இருந்ததா என்றும் கேட்டீர்கள். இருந்தது. அதற்கும் வருகிறேன்.

எங்கள் கடையைப் பார்த்திருக்கிறீர்கள். முன்பக்கம் நீள மேஜை, சுவர் முழுக்க உளியும் அரமும் வாளும். மேஜைக்குப் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் சாணை அறை. முன்பக்கம் நான், பின்பக்கம் தங்கை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். நான் விற்பேன், அவள் தீட்டுவாள். அவள் தீட்டிக் கொடுத்த உளியைப் பிடித்தவன் வேறு எவனிடமும் போக மாட்டான். வீட்டிலும் அவள்தான் எல்லாம். சமையல், துணி, என் மாத்திரை, குளிக்க வெந்நீர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டதும் இல்லை. கேட்கவில்லை என்றால் தேவையில்லை என்றுதானே அர்த்தம்.

அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்க நான் முயலவில்லை என்று சொந்தக்காரர்கள் உங்களிடம் ஓதியிருப்பார்கள். பேசுகிற வாய்க்குப் பூட்டா போட முடியும்? இரண்டு இடம் வந்தது. முதலில் வந்த வீட்டாரிடம், அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததைச் சொன்னேன். காய்ச்சலின்போது ஒரே ஒரு தடவை வந்ததுதான். ஆனாலும் வந்ததை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிடுவது நாணயம் இல்லை. இரண்டாவதாகக் கேட்டவர் ஒரு பெயிண்ட் கடைக்காரர், தங்கமான மனிதர். அவருக்கு இஷ்டமில்லையாம் என்று தங்கையிடம் சொன்னேன். தங்கைக்கு இஷ்டமில்லையாம் என்று அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசவில்லை. உண்மையிலேயே விருப்பம் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்களா?

லிஃப்ட் பரிசோதகர் வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. உயரமான கட்டடங்களில் லிஃப்டின் கயிறும் பிரேக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்று தருகிற வேலை அவருக்கு. மனைவியை இழந்தவர், காதோரம் நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். ஒரு நாள் சமையலறைக் கத்தியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு தீட்ட வந்தார். அன்று மேஜையில் கூட்டம். உள்ளே போய்க் கொடுங்கள் என்று கதவைக் காட்டியது நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அதன் பிறகு அந்த வீட்டில் எத்தனை கத்தி இருந்ததோ, வாரத்துக்கு ஒன்று மழுங்கியது. சாணை ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. அதனால் அவர் உள்ளே போனதும் சாணை நின்றுவிடும். அது நிற்பது எனக்கு மேஜையில் நன்றாகவே கேட்கும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, “அண்ணே, நான் அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்” என்றாள். அவள் என்னைக் கேட்கவில்லை, எனக்குச் சொன்னாள், அதைக் கவனியுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண், தலையெல்லாம் சாணைத்தூள். நான் கத்தவில்லை. யோசித்துச் செய் என்று மட்டும் சொன்னேன். யோசித்துவிட்டேன் என்றாள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, மாப்பிள்ளைக்குக் கைகொடுத்தேன். வயிறு பற்றி எரிந்தது என்னோடு இருக்கட்டும்.

அவர்கள் குடியேறிய வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, சேர்ந்திருக்கும் உளிகளைத் தீட்டிக் கொடுத்து, எனக்குக் கொஞ்சம் சூப் வைத்துவிட்டுப் போவாள். சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவாள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள், சாயங்காலம் ஆகிறதென்று கிளம்பிவிடுவாள். மற்ற நாட்களில் நான் கடையைச் சாத்திவிட்டு அவர்கள் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஜன்னல் திறந்திருக்கும். ஒரு தடவை உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. யாரென்றே எனக்கு முதலில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இருந்தவரை அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. அடக்கமான பெண்ணை அந்த மனிதர் அப்படி ஆக்கி வைத்திருந்தார். அந்த ஜன்னலுக்கு எதிரே நின்று நான் அவரை வெறுத்தேன். சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை. பசித்தவன் சோற்றை நினைப்பதுபோல அவர் இல்லாமல் போவதை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஆனால் நினைப்பு வேறு, செய்வது வேறு. அவராக வந்து கேட்காமல் இருந்திருந்தால் நான் நினைத்துக்கொண்டே கிடந்திருப்பேன்.

அவர் வந்தது வாடிக்கையாளர் யாரும் இல்லாத ஒரு மதியம். “மச்சான், ஒரு உதவி. அவளுக்குத் தெரிய வேண்டாம்” என்று ஆரம்பித்தார். அவருடைய அலுவலகத்துக்குப் பின்னால் பழைய லிஃப்ட் சாமான்கள் போட்டுவைக்கிற கொட்டகை இருக்கிறதாம். அதில் எப்போதோ ஒரு மெக்கானிக் விட்டுப்போன, கட்டையைச் சுழற்றிக் கடைகிற சின்ன லேத் ஒன்று. மேலதிகாரியிடம் கேட்டுத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறார். லீவு நாட்களில் போய்க் கற்றுக்கொண்டு, கல்யாண நாளுக்கு என் தங்கைக்கு ஒரு மரக் கிண்ணம் கடைந்து கொடுக்க வேண்டுமாம். என்னென்ன உளி வாங்குவது என்று கேட்டார். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் தன் வேலையில் முதல் பாடம் என்றும் சொன்னார்.

அந்த நேரத்தில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேஜைக்கு எதிரே வந்து நின்றுவிட்டால் பகையாளியும் எனக்கு வாடிக்கையாளர்தான். நல்ல எஃகு எது, சாதாரண இரும்பு எது என்று சாணைப்பொறியின் நிறத்தைக் காட்டி விளக்கினேன். கைப்பிடி நீளமாக இருந்தால்தான் கை நடுங்காது என்று அவர் கையிலேயே கொடுத்துக் காட்டினேன். நான்கு உளிகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன்.

அதில் இரண்டைப் பற்றி மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று உருட்டுளி. வாய் அகலமானது. சதுரக் கட்டையை நீளவாக்கில் மாட்டி உருளையாக்க அதைப்போல் ஒன்று கிடையாது. ஆனால் அதன் வால், அதாவது கைப்பிடிக்குள் போகிற பாகம், தட்டையாக அடித்துச் செருகியது. கிண்ணம் கடையும்போது மரத்தைக் குறுக்குவாட்டில் மாட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மரத்தின் நார் இணங்கி வரும், உடனே எதிர்த்து உதைக்கும். அந்த உதையை அந்த வால் தாங்காது, ஒடிந்துவிடும். ஒடிந்த உளி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது கிண்ண உளி. முழுத் தண்டிலிருந்து குடைந்தெடுத்தது, வாலும் உடம்பும் ஒரே கனம். பழகியவர்களுக்கு இது அரிச்சுவடி. புதிதாக வருகிறவர் கண்ணுக்கு மட்டும் அகலமானது பயில்வானாகவும் மெல்லியது நோஞ்சானாகவும் தெரியும்.

முன்பு ஒரு வாடிக்கையாளர் உருட்டுளியால் கிண்ணம் குடையப் போய்த் தாடையை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம். விற்பனைக்கு வைக்கும் உருட்டுளி ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் தங்கை சிவப்பு நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவாள். விற்கிறவர் அந்த நூலைத் தொட்டுக் காட்டி, கிண்ணத்துக்கு இது ஆகாது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காசை வாங்க வேண்டும். அவள் போட்ட சட்டம் அது. நான் மீறியதே இல்லை. அன்றும் என் விரல் நூலின் மேல்தான் இருந்தது.

அப்போதுதான் அவர் சொன்னார். “வாழ்நாள் பூரா ஊரார் உளியைத் தீட்டிக் குடுத்திருக்கா மச்சான். அவளுக்குன்னு யாரும் ஒரு துண்டு மரம் கடைஞ்சு குடுத்ததில்ல. அதான் ஆசையா இருக்கு.”

யாரும் என்றால் யார்? அந்த வாழ்நாள் பூரா அவள் இருந்தது யாரோடு? சிரித்துக்கொண்டே சொன்னார். ஊசியை ஏற்றிவிட்டு வலிக்கிறதா என்று கேட்கிற சிரிப்பு. அவர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நீங்கள் அங்கே நிற்கவில்லை.

மேஜையில் இருந்த கிண்ண உளியை எடுத்துச் சுவரில் மாட்டினேன். ஆசைக்குக் கடைகிறவருக்கு இது தண்டச் செலவு மாப்பிள்ளை, மூன்றே போதும் என்றேன். அகலமான உளியே கிண்ணத்தையும் குடைந்துவிடும், மரம் சீக்கிரம் இறங்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கத்தரியை எடுத்து நூலை வெட்டினேன். அது எதற்கு என்று கேட்டார். விற்காத சரக்குக்கு அடையாளம் என்றேன். முகக் கவசம் வேண்டும் என்று அவரே கேட்டார். ஆயிரம் லிஃப்டைப் பார்த்தவர் இல்லையா. தீர்ந்துவிட்டது, வந்ததும் எடுத்து வைக்கிறேன், அதுவரை உங்கள் மூக்குக் கண்ணாடியே போதும் என்றேன். சாணை அறையில் தங்கை மாட்டுகிற கவசம் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மரத்தை நான் காசு வாங்காமல் கொடுத்தேன். நன்றாகக் காய்ந்த, கனமான கட்டை. விளிம்போரம் கெட்டியாக ஒரு கணு இருந்தது. உளி அதில் மாட்டிக்கொள்ளும். அவர் அதைத் தடவிப் பார்த்து, இதுதான் அழகாக இருக்கிறது என்றார். அவசரப்படாதீர்கள், முதலில் நீளக் கட்டையில் பழகுங்கள், கிண்ணத்தைக் கடைசியாகத் தொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அக்கறையில் சொன்னதாக அவர் நினைத்திருப்பார். கை பழகினால்தான் பயம் விடும். பயம் விட்டால்தான் லேத்தின் வேகத்தைக் கூட்டுவார்கள்.

அடுத்தடுத்த வாரங்களில் இரண்டொரு முறை வந்தார். தான் கடைந்த கரண்டிப் பிடி ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் வீங்கியிருந்தது. முதல் பிள்ளை எப்படி இருந்தாலும் அழகுதான் என்றேன். இருவரும் சிரித்தோம். பகையாளியோடு சிரிப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை.

நடுவில் நிறுத்த வாய்ப்புக் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை சாணை அறையிலிருந்து வெளியே வந்து, மேஜையில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“அண்ணே, அவர் எங்கேயோ போய் மரம் கடையறாரு. காதுக்குள்ள எல்லாம் மரத்தூள். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காரு, பாவம். உங்கிட்டதானே உளி வாங்கினாரு?”

ஆமாம் என்றேன்.

“சும்மா நீளக் குச்சிதானே? வேற எதுலயும் கை வைக்கலையே?”

“குச்சிதான். மாப்பிள்ளை கைக்கு அதுவே பெரிசு.”

“நல்ல உளியாக் குடுத்தியா?”

“நம்ம கடையில கெட்ட உளி ஏது?”

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். தனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம், அவர் ஆசை கெட்டுவிடும் என்றாள். பிறகு என் சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, சூப்பைச் சூடு பண்ணப் போனாள். அந்தக் கரிசனம் அவ்வளவும் அவருக்கு. என் சட்டையைத் தொட்டது பழக்கதோஷம். ஒருவேளை அன்று அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருந்தால், நீ எப்படி இருக்கிறாய், ராத்திரி சாப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தால், நான் அவரைக் கூப்பிட்டுக் கிண்ண உளியைக் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

செய்தி ஒரு விடுமுறை நாள் பகலில் வந்தது. அலுவலகக் காவலாளி எனக்குத்தான் முதலில் போன் செய்தார். கொட்டகையில் பெரிய சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தாராம். உளி வாலில் ஒடிந்து நெற்றிப்பொட்டில் பாய்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் மேஜையைத் துடைத்து, விளக்கை அணைத்து, கடையைச் சாத்திவிட்டுத் தங்கையிடம் போனேன். அவளுக்கு நான்தான் சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருக்க மாட்டாள். விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் என் மேல் சாய்ந்துகொண்டு தூங்குவாள், அதே கனம். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மனசு நிறைந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவளே அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கிறாள். லேத்தில் பாதி குடைந்த கிண்ணம் மாட்டியபடியே இருந்திருக்கிறது. அங்கிருந்து நேரே கடைக்கு வந்தாள். துணிப்பையிலிருந்து உளியின் கைப்பிடியை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒடிந்த வால் அதற்குள்ளேயே இருந்தது. கைப்பிடி நெடுக வார்னிஷ் பழுப்பேறியிருக்க, நூல் சுற்றியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக, மோதிரம் கழற்றின விரல்போல இருந்தது. அவள் அதன் மேல் விரலை வைத்தாள்.

“நூல் எங்கண்ணே?”

“அறுந்திருக்கும்.”

“நான் கட்டினது அறாது.”

அவள் அழவில்லை. கிண்ணத்துக்கு என்று தெரிந்துதான் கொடுத்தாயா என்று கேட்டாள். துக்கத்தில் இருக்கிறவளிடம் தொழில் விஷயம் பேசுவது முறையில்லை. அதை விடு, உன் அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறேன், மெத்தையையும் வெயிலில் போட்டு எடுத்தாயிற்று, வீட்டுக்கு வந்துவிடு என்றேன். அவள் கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு நூலை வைத்து வழக்கு நிற்காது என்று நீங்களே சொன்னீர்கள். நிற்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். அந்த உளியில் ஒரு குறையும் இல்லை. கிண்ணத்துக்கு அது ஆகாது என்று தெரியும். ஒடியும் என்று தெரியும். கணுவுள்ள கட்டையைத் தேடி எடுத்ததும், கவசத்தை இல்லை என்றதும் நான்தான். அவர் சாக வேண்டும் என்று கொடுத்தேன், செத்தார். என் வீட்டில் இருந்ததை அவர் எடுத்துக்கொண்டு போனார், நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று சொன்னீர்கள். அவளுக்குத் தயக்கமாக இருக்கும். என்னைத் தனியாக விட்டுப் போனது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது உறைத்திருக்கும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவாள், பாவம். எனக்காக ஒன்று செய்யுங்கள். இந்தத் தாளில் கையெழுத்து வாங்கியதும் வெளியே போய் அவளிடம் சொல்லுங்கள், அண்ணன் அவளை மன்னித்துவிட்டான் என்று.